கொட்டாங்குச்சி நெருப்பு

"வாடக ஊட்டுல இருக்கற சாமி யாரோட சாமிம்மா? நம்முளுதா, ஊட்டுக்காரங்களுதா?"

முரளி இதைக் கேட்டபோது அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. மண்டித் தெருவில் அந்த ஒற்றை அறைக்குக் குடிவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன விளக்கு மாடம் சுவரில் புகையும் எண்ணெயுமாகக் கறுத்துக் கிடந்தது. ஆத்தாயி அதைத் தேய்த்துக் கழுவி, அறப்பளீசுவரர் படத்தை வைத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பையனுக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாமிக்கு ஏது கண்ணு வாடக? கண்ண மூடிக் கும்புடு" என்றாள்.

அவன் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். இன்னொரு கண்ணால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், சாமி ஏதாவது சொல்லுமோ என்று.

அந்தப் பையன் வளர்ந்து, போர் போடுகிற ரிக் லாரியில் வடக்கே போய்விட்டான். மாடமும் படமும் ஆத்தாயியும் அதே அறையில் இருந்தார்கள்.

மண்டித் தெரு, மலைமேல் செம்மேட்டில் ஓரி சிலையிலிருந்து பஸ் ஸ்டாண்டை ஒட்டிக் கீழே இறங்குகிற தெரு. மலையில் விளைகிற மிளகும் காப்பியும் வாழைத்தாரும் ஒரு காலத்தில் அங்கே வந்துதான் லாரி ஏறின. அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க மேலே வந்த குழந்தைசாமி, லாரிக்காரர்களும் சுமை தூக்குகிறவர்களும் தங்குவதற்கென்று கல்லும் மண்ணும் வைத்து, நாட்டு ஓடு போட்டு, வரிசையாக அறைகள் கட்டினார். அந்த வரிசையின் தலைமாட்டில் தன் வீட்டையும் கட்டிக்கொண்டார். பெரிய வரும்படி வந்ததில்லை. ஆனால் மழைக்கு ஒதுங்க இடம் கேட்டு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதுமில்லை.

இப்போது மண்டிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. எதிரே நீலக் கண்ணாடி வைத்த லாட்ஜ் வந்துவிட்டது. சனி, ஞாயிறுகளில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வருகிறவர்கள் தெரு முழுக்க வண்டிகளை நிறுத்துகிறார்கள். திங்கட்கிழமை சாக்கடையில் காலி பாட்டில்கள் மிதக்கும். பலாத்தோலும் டீசலும் ஈரச் சாக்கும் கலந்த பழைய வாசனை மட்டும் மழை நாட்களில் இன்னும் எழும். வரிசையில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. ஓரிரண்டு குடும்பங்களும் ஆத்தாயியும் பக்கத்து அறையில் சுமித்ராவும்தான் மிச்சம். சுமித்ரா அடிவாரத்துப் பெண். எதிர் லாட்ஜில் அறைகள் கூட்டித் துடைக்கிற வேலை. அவள் கணவன் செல்வம் மினி ஆட்டோ ஓட்டுகிறான்.

ஆத்தாயிக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒரு கூடைக் கடை. ஆனி, ஆடியில் பலாச்சுளை. அது முடிந்தால் அன்னாசிக் கீற்று, மேலே மிளகாய் உப்பு. குளிர் காலத்தில் வேகவைத்த குச்சிக்கிழங்கு. பலாப்பழம் அரிகிற நாட்களில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். கண்ணாடி போட்ட யாராவது, "இது ஆர்கானிக்கா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, அன்னாசிங்க" என்பாள். அவள் தெரிந்தேதான் அப்படிச் சொல்கிறாள் என்று சுமித்ரா சத்தியம் செய்வாள்.

சாயங்காலம் கூடையோடு தெருவுக்குள் நுழையும்போது, தலைமாட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைசாமி அவளைக் கூப்பிடுவார். அவருக்கு வயதாகி நினைவு தப்பிவிட்டது. தன் மனைவி இறந்ததே பல நாட்களில் நினைவிருக்காது. ஆனால் ஆத்தாயியைப் பார்த்தால் ஒரு கேள்வி மட்டும் தவறாது.

"ஏம்மா, முரளி பள்ளிக்கூடத்துல இருந்து வந்துட்டானா?"

"வந்துருவானுங்க ஐயா."

"மழ வர்றாப்பல இருக்குது. கொட குடுத்து உட்டியா?"

"குடுத்துட்டனுங்க."

சுமித்ரா ஆரம்பத்தில் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். உலகத்தில் முரளியைப் பற்றித் தினமும் விசாரிக்கிற இன்னொரு மனிதர் அவர் ஒருவர்தான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

முரளி போன புதிதில் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் பேசிக்கொண்டுதான் இருந்தான். ராத்திரி பகலாகக் குழாய் இறக்குவதாகச் சொல்வான். "சோறு கெடைக்குதா சாமி?" என்பாள் இவள். "கெடைக்குதும்மா, சப்பாத்தியும் கெடைக்குது" என்பான். ஒரு மழைக்காலத்தில் ஆத்தாயி காய்ச்சலில் படுத்து, நாமக்கல் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாள். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்கிற நினைப்பே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் நம்பர் போயிருந்தது. கடையில் கேட்டதற்கு, அது வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்றார்கள். முரளியின் நம்பர் அந்த சிம்மிலேயே இருந்தது; புது சிம் போட்டபோது பழையது எங்கோ தொலைந்துவிட்டது.

சுமித்ராதான் அந்தப் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுத்தவர் ஈரோட்டுக்காரர். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"ஆமாங்க, வடக்க இருந்து ஒரு பையன் பேசுனானுங்க. அம்மா, அம்மான்னான். தப்பான நம்பருன்னு சொன்னனுங்க. மறுக்காவும் பண்ணுனான். மறுக்காவும் அதையேதாஞ் சொன்னேன். அப்பறம் பண்ணலீங்க. அந்த நம்பரு இப்ப என்ற போன்ல இல்லீங்களே."

திருச்செங்கோட்டில் வண்டி ஏஜெண்டைப் போய்க் கேட்டார்கள். பையன் வேறு வண்டிக்கு மாறிவிட்டான், எந்த வண்டி என்று தெரியாது என்றார்.

அன்றிலிருந்து ஆத்தாயி மனத்தில் ஒன்று நிலையாக உட்கார்ந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்த நம்பர் இல்லை. தெரிந்த இடம் இருக்கிறது. என்றாவது ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓரி சிலையைத் தாண்டி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்கூட அவன் இந்தக் கதவுக்குத்தான் வந்து நிற்பான்.

*

ஐப்பசி மழை ஓயாத ஒரு காலையில் குழந்தைசாமியின் மகன் தரணிதரன் வரிசை வீடுகளுக்கு வந்தான். அடிவாரத்தில் மனைவி மக்களை வைத்துக்கொண்டு, மலைக்கும் கீழுக்குமாக அலைகிறவன். கையில் ஒரு தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை.

"தை பொறந்ததும் பூமி பூசை போடறமுங்க அக்கா. இத இடிச்சுட்டு மேல ரூமு எடுத்துக் கட்டறோம். அதுக்குள்ள எடம் பாத்துக்கங்க. பூசைக்கு நீங்களும் வரோணும்."

ஆத்தாயி தட்டைப் பார்த்தாள். வெற்றிலை நல்ல கொழுந்து, ஈரம் மாறாமல் இருந்தது. மிளகு பறிக்கப் போன அவள் கணவன் கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு, கடைவீதியில் எந்த விசேஷத்துக்கும் யாரும் அவளுக்கு வெற்றிலைத் தட்டு நீட்டியதில்லை. பத்திரிகையை மட்டும் கொடுப்பார்கள், அல்லது வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். தரணிதரன் அந்த வித்தியாசம் பாராட்டவில்லை. எல்லோருக்கும் போல அவளுக்கும் நீட்டினான். அவள் கைகள் இரண்டும் தாமாகவே முன்னால் போய், தட்டிலிருந்த வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டன.

அவன் அடுத்த கதவுக்குப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மலைக்கு உள்ளே, பெரக்கரை நாட்டில் அவள் பிறந்து வாழ்க்கைப்பட்ட ஊரில், மண்ணைக் கேட்டாலும் பெண்ணைக் கேட்டாலும் மாட்டைக் கேட்டாலும் கேட்கிறவர் வெற்றிலையைத்தான் நீட்டுவார். தர மனமில்லாதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் தந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

ஆத்தாயி வெற்றிலையை மாடத்தில் படத்துக்கு முன்னால் வைத்தாள். அன்று அவள் கடைக்குப் போகவில்லை.

*

கருப்பண்ணனின் டீக்கடையில் நாலைந்து நாள் இதே பேச்சாக இருந்தது. கருப்பண்ணன் தெருவின் பழைய ஆள். மண்டி இருந்த காலத்தில் மூட்டை தூக்கியவர்.

"எல்லாரும் ஒண்ணா நின்னு, இப்பத்திக்கு முடியாதுன்னு சொல்லிப் போடோணும்" என்றார் அவர். "தரணி மோசமான பையன் இல்ல. நாலு பேரு நின்னா கட்டற கட்டடத்துல பொறத்தால ஒரு மூலையாவது ஒதுக்குவான். மொதல்ல ஆத்தாயி சொல்லோணும். பழைய குடி அதுதான."

"நான் எப்படிங்க அண்ணா சொல்லறது? வெத்தல வாங்கிட்டனுங்களே."

சுமித்ரா கையிலிருந்த வடையைக் கீழே வைத்தாள். "நானுந்தான் வாங்குனேன். வாழப்பழத்த அங்கயே உரிச்சுத் தின்னேன். அதுக்குன்னு ஊட்டக் குடுத்துட்டேன்னு ஆயிருமாக்கா?"

"நீ வாங்குனது பூசைக்கு. நான் வாங்குனது வாக்குக்கு."

"ரெண்டும் ஒரே தட்டுதான?"

"தட்டு ஒண்ணுதாங் கண்ணு. கை வேற."

"கேட்டீங்களாண்ணா? பேப்பர் இல்ல, கையெழுத்து இல்ல. அந்தத் தம்பிக்கே தெரியாது இப்படியொரு வழக்கம் இருக்குதுன்னு. தெரியாம நீட்டுனதுக்கு இது தெரிஞ்சே தலையக் குடுக்குது."

"அவங்க தெரியாம நீட்டுனாங்க, செரி. நான் தெரியாமலா வாங்குனேன்?" என்றாள் ஆத்தாயி.

கருப்பண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆற்றி முடித்த பிறகும் ஆற்றினார். "போயி எங்க இருப்ப?"

"பெரக்கரையில எங்கூட்டுக்காரரு பங்கு ஒரு துண்டுக் காடு சும்மாதான் கெடக்குதுங்க. பக்கத்துல ஒரு குடுசு. கொழுந்தனாரு சும்மா இருந்துக்கச் சொல்றாரு. கூர மாத்தோணும். மாத்திக்கலாம்."

"அங்க பஸ்ஸே போகாதேக்கா."

"கால் இருக்குது கண்ணு. நான் எங்கயும் இருந்துக்குவேன். அது இல்ல இப்ப." டம்ளரைக் கீழே வைத்தாள். "அவன் வந்தா?"

பனி இறங்கி எதிரே லாட்ஜின் நீலக் கண்ணாடி மறைந்துகொண்டிருந்தது.

*

வீடியோ எடுப்பது சுமித்ராவின் யோசனை. லாட்ஜில் தங்க வருகிறவர்கள் ஒரு குரங்கைப் படம் எடுத்துப் போட்டால் ஊர் முழுக்கப் போகிறது, ஒரு தாயை எடுத்துப் போட்டால் போகாதா என்றாள். ஆத்தாயிக்கு முகம் கழுவிவிட்டு, நல்ல சீலை ஒன்றைக் கட்டச் சொல்லி, கதவுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"பேரு, ஊரு, எந்த வண்டியில போனான், எல்லாத்தையும் சொல்லுக்கா. என்ற நம்பரச் சொல்லு. போனப் பாத்துப் பேசு."

ஆத்தாயி போனைப் பார்த்தாள். "சாமி முரளி..." என்றாள். அதற்குப் பிறகு சுமித்ரா சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துபோயிற்று. "சோறு திங்கறயா சாமி? அங்க குளுரு சாஸ்தின்னு சொன்ன. காதுக்குத் துண்டு கட்டிக்க. குழாய் எறக்கறப்ப கையப் பாத்துக்க. நம்ம ஊட்ட இடிக்கறாங்க. நல்லபடியாத்தாங் கேட்டாங்க, நானும் செரின்னுட்டேன். நீ வந்து ஊடு இல்லயேன்னு திரும்பிப் போயராத. நான் நம்ம பெரக்கரைக்குத்தாம் போறேன். உனக்கு அந்த வழி தெரியாது. அங்க பசங்க யாரையாச்சும் கேளு..."

"போதுங்க்கா" என்று சுமித்ரா போனைத் தாழ்த்தினாள். "நம்பரே சொல்லல நீ. பரவால்ல, அடியில எழுதிப் போட்டுக்கறேன்."

வீடியோ எங்கெங்கோ போனது. துபாயிலிருந்து ஒருவர் கைகூப்புகிற படம் போட்டார். யாரோ ஒரு பெண், இந்த அம்மா விற்கிற அன்னாசி நான் சாப்பிட்டிருக்கிறேன் என்று எழுதினாள். கார்த்திகை போய் மார்கழி வந்தது. முரளியிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. தினமும் வேலை முடிந்து வரும் சுமித்ரா வாசலிலேயே தலையை ஆட்டிவிடுவாள். ஆத்தாயி கிழங்கை உரித்துக்கொண்டே, "செரி கண்ணு, நீ போயி சோறு தின்னு" என்பாள்.

*

வெற்றிலை விஷயம் தரணிதரனின் காதுக்குப் போனது கருப்பண்ணன் வாயால்தான். ஒரு நாள் மத்தியானம் அவன் ஆத்தாயியின் கதவில் வந்து நின்றான். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தான்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. மஞ்சப் பத்திரிகைய வெறுந்தட்டுல வெக்கக் கூடாதுன்னு எங்கூட்டுல சுஜிதா சொன்னா. அதனால வெத்தல வெச்சேன். வேணும்னா அந்த வெத்தலைய நான் திருப்பி வாங்கிக்கறேனுங்க."

"வாங்குன வெத்தலையத் திருப்பிக் குடுக்கறது எழவு ஊட்டுலகூட இல்லீங்க தம்பி. நீங்க சங்கடப்படாதீங்க."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "பொய் சொல்ல மாட்டனுங்க. கட்டி முடிச்சா இங்க ஒரு எடம் தாரேன்னு சொல்லோணும்னு ஆசைதான். பேங்குல வாங்கித்தான் கட்டறேன். அதுல நீங்க இருக்க முடியாது. அப்பாவையே கீழ வரச்சொன்னா வரமாட்டீங்கறாரு. பழைய மண்டி எடத்துல ஒரு தகரக் கொட்டாய் போட்டு வெச்சிருக்கேன், கட்டி முடியற வரைக்கும். சுமித்ராக்கா காலையில வந்து பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களும் லாட்ஜுக்குப் பொறத்தால ரூமுக்குப் போறாங்களாட்டம். ஆனா வெந்தண்ணி இல்லாம அப்பா கத்தறாரு. கேஸுல சுட வெச்சா ஆகாதாம். வெறகு வாசம் வரோணுமாம்."

"அடுப்பு?"

"அதுக்குத்தான் வந்தனுங்க. கேக்கறதுக்கு மொகம் இல்ல."

ஆத்தாயி எழுந்து சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "கொட்டாய்க்கு வெளிய, தாவாரத்துல போட்டாத்தான் ஆகும். உள்ள வேண்டாம். ஐயாவுக்கு இப்ப நெனப்பு ஒரு நேரம் மாதிரி ஒரு நேரம் இல்ல."

மறுநாளே ஓடைக்கரைச் செம்மண் கொண்டுவந்து, வைக்கோலைப் பொடியாக வெட்டிப்போட்டு மிதித்தாள். தகரத் தாழ்வாரத்தில், சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்து, பெரிய பானை உட்காருகிற மாதிரி ஓர் அடுப்புப் போட்டாள். குழந்தைசாமி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா இந்த அடுப்பு?"

"உங்குளுக்குத்தானுங்க ஐயா. புது அடுப்பு."

"எனக்குப் புது அடுப்பா?" அவர் பல்லில்லாமல் சிரித்தார். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, "முரளி பள்ளிக்கூடம் போயிட்டானா?" என்றார்.

ஆத்தாயி ஈரக்கையால் அடுப்பின் வாயைத் தடவி வழுவழுப்பாக்கிக்கொண்டே இருந்தாள். "போயிட்டானுங்க ஐயா" என்றாள்.

காய்வதற்கு விட்டுவிட்டுக் கிளம்பும்போது, அப்பாவைப் பார்க்க வந்த தரணிதரனை அவள் நிறுத்தினாள். மடியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்தாள். வைக்கத் தட்டு இல்லை. மண் காயாத கையை நன்றாகக் கழுவிவிட்டு, வலக்கையில் வைத்து, இடக்கையை அதற்குத் தாங்கலாகக் கொடுத்து நீட்டினாள்.

"எம்பையன் ஒரு நாளைக்கு வருவானுங்க தம்பி. இந்த எடத்துல கட்டடம் இருக்கும், நீங்க இருப்பீங்க. அவனை நிக்க வெச்சே அனுப்பிப் போடாம, பெரக்கரைக்கு வழி சொல்லி உடோணும். இதுக்கு என்ற வெத்தல."

தரணிதரன் உடனே கையை நீட்டவில்லை. இப்போது அவனுக்கு அதன் பொருள் தெரியும். அடிவாரத்து வீடு, குழந்தைகளின் பள்ளிக்கூடம், பேங்குக் கடன், வருஷக்கணக்கில் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பையனுக்காக ஞாபகம் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு, எல்லாம் அவன் முகத்தில் வந்து போயின. சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவன் மேல்சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"வழி சொல்றது இல்லீங்க அக்கா. நானே கொண்டாந்து உடறேன். நான் இல்லாட்டி நம்ம ஆளுங்க யாராச்சும்."

பெரிய தர்மங்கள் செய்கிறவர்களைப் பற்றி ஊர் பேசும். இந்தச் சின்ன வெற்றிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் ஆத்தாயி அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

*

அவளிடம் இன்னும் ஒரு பாக்கி இருந்தது. அது யாருக்கும் தெரியாது. வாங்கிக்கொள்ள வேண்டியவருக்கே மறந்துவிட்டது.

முரளியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு மூட்டையோடு அவள் மண்டித் தெருவுக்கு வந்தது ஓர் ஆடி மழையில். அறையைத் திறந்துவிட்டதும், கருப்பண்ணன் வீட்டம்மா தீப்பெட்டி கொண்டுவந்து நீட்டினாள். ஆத்தாயி வேண்டாம் என்றுவிட்டாள். அவளுடைய ஊரில் புது அடுப்பின் முதல் நெருப்பு, எரிகிற அடுப்பிலிருந்துதான் வர வேண்டும். நெருப்புக் கொடுத்தவர் வீட்டில் ஒரு புது அடுப்பு விழுகிற நாளில் அதைத் திருப்பித் தர வேண்டும். தந்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் தந்ததாக ஆகாது.

வரிசையில் அன்று எரிந்துகொண்டிருந்த ஒரே அடுப்பு குழந்தைசாமியுடையது. மகளின் பிரசவத்துக்கு மனைவி போயிருந்ததால் அவரே எதையோ கிண்டிக் கரியாக்கிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி இவள் கேட்டதும், கொட்டாங்குச்சியில் சாம்பல் போட்டு, மேலே கங்கு எடுத்து, தெரு நீளத்துக்கும் மழையில் நடந்து வந்தார். குடை நெருப்புக்குத்தான் இருந்தது, அவருக்கு இல்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்.

"இதை நான் திருப்பித் தரோணுங்க ஐயா."

"நெருப்பையா? எங்கிட்டத்தான் அடுப்பு இருக்குதே!"

"உங்குளுக்கும் ஒரு நாளைக்குப் புது அடுப்பு வருமுங்க."

"வரட்டும், வரட்டும். மொதல்ல பையனுக்குக் கஞ்சி வை" என்று சிரித்துவிட்டுப் போனார்.

*

மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலை. பெரக்கரைப் பாதை பிரிகிற இடம் வரை போகிற முதல் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சாமான்களை முந்தின நாளே செல்வம் ஆட்டோவில் கொண்டுபோய்ப் பாதை முடிகிற இடத்தில் இறக்கியிருந்தான். மிஞ்சியது ஒரு மூட்டையும், துணியில் சுற்றிய படமும்தான். ஆத்தாயி அறையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மாடத்தில் கடைசியாக விளக்கேற்றினாள். படம் இல்லாத மாடத்தில் சுடர் அசையாமல் நின்றது. முரளியின் கேள்வி நினைவுக்கு வந்தது. இப்போதும் அவளுக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கும்பிட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

காலைக் கஞ்சிக்குப் பற்றவைத்த அடுப்பில் கங்கு கனிந்திருந்தது. கொட்டாங்குச்சியில் சாம்பல் போட்டு, கங்கை எடுத்து வைத்தாள். மழை இல்லை. ஆனால் பனி மழைபோலச் சொட்டிக்கொண்டிருந்தது. சீலைத் தலைப்பை எடுத்துக் கொட்டாங்குச்சிக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். தலை நனைந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. பூட்டிய கதவுகளில் இடிப்பதற்கான சிவப்புக் குறிகள் இருந்தன.

தகரக் கொட்டாயில் குழந்தைசாமியின் குறட்டை கேட்டது. தாழ்வாரத்தில் அடுப்பு நன்றாகக் காய்ந்திருந்தது. சுள்ளி அடுக்கி, கங்கைச் சரித்து, குனிந்து ஊதினாள். புது மண் முதலில் புகைந்தது. இருமல் வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி ஊதினாள். ஒரு சுள்ளி பிடித்தது. பானையில் தண்ணீர் ஊற்றி வைத்து, அது சூடேறுகிற வரைக்கும் அடுப்பருகே குந்தியிருந்தாள். விரலை விட்டுப் பதம் பார்த்தாள். எரிகிற விறகை வெளியே இழுத்து அணைத்து, உள்ளே கங்கைச் சாம்பலால் மூடி, பானையின் மேல் தட்டை வைத்தாள். கொஞ்சநேரத்தில் சுமித்ரா வந்துவிடுவாள்.

கதவு இடுக்கில் அவர் காலிலிருந்து போர்வை விலகிக் கிடந்தது தெரிந்தது. உள்ளே போய் இழுத்துவிட்டாள். அவர் விழிக்கவில்லை. ஆத்தாயி கைகூப்பி நின்றாள். பிறகு ஓசைப்படாமல் வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கருப்பண்ணன் அப்போதுதான் பாய்லரை மூட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தெருவின் கடைசியைப் பார்த்தார். பனிக்குள்ளே மெல்லிய புகை தகரக் கூரைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"அட, பெரியவரு கொட்டாயில அடுப்பெரியுதே. சுமித்ரா இன்னிக்கு நேரமே வந்துட்டாளாட்ட இருக்குது."

"இருக்குமுங்க" என்றாள் ஆத்தாயி.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பஸ் வெளிச்சம் போட்டுத் திரும்பியது.